கதவு எந்தப் பக்கம் திறக்கும்? காபிக்கடைகளை வரைகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓவிய நண்பர்களே,

வார இறுதியில் நோட்டும் வண்ணப் பெட்டியுமாகத் தெருவோரம் உட்கார்ந்து வரைகிறவர்கள், பழைய கட்டடங்களைத் தேடித் தேடி வரைகிறவர்கள், உங்கள் பகுதியிலிருக்கும் அந்தப் பழைய காபிக்கடையை என்றைக்காவது ஒருநாள் வரைந்துவிட வேண்டும் என்று மனதில் வைத்திருக்கிறவர்கள், உங்கள் எல்லோருக்கும்தான் இந்த மடல். நான் ஓவியன் இல்லை. படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். நீங்கள் வரைந்து முடித்த பிறகு அந்தப் படத்தை ரொம்ப நேரம், ரொம்பக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பது நான்தான். அளவெடுக்கும்போது பார்க்கிறேன், மவுன்ட் (படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைக்கிற, ஜன்னல் மாதிரி வெட்டிய அட்டை) வெட்டும்போது பார்க்கிறேன், கண்ணாடி போடுவதற்கு முன்னால் தூசி ஊதும்போது ஒருமுறை பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தில் வந்த உரிமையில் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு நீர்வண்ண ஓவியம் சட்டம் போட வந்தது. நான் தினமும் போய் உட்காரும் பழைய காபிக்கடையின் படம். வரைந்தவர் இளைஞர், நல்ல கை. வானத்தைத் தாள் ஈரமாக இருக்கும்போதே ஒரே இழுப்பில் பூசியிருந்தார். பெயர்ப்பலகையில் உதிர்ந்துபோன எழுத்தைத் தானாக நிரப்பாமல் உதிர்ந்தபடியே விட்டிருந்தார். கூரைக்கு மேலே போகும் மின்கம்பிகளை மயிரிழை மாதிரி இழுத்திருந்தார், எனக்கு அந்தக் கோடுகள் மேல் தனி ஆசையே வந்துவிட்டது. மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் பார்த்து, அதே கடையில் பல வருடமாக கிளாஸ் கழுவுகிற பெரியவர், கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த படத்தின் உடைந்த கண்ணாடியை மாற்றித் தரச் சொல்லி உள்ளே வந்தார்.

"அண்ணே, உங்க கடைதான், பாருங்க" என்றேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தாளைத் தொடாமல், குனிந்து பார்த்தார். நல்லா இருக்கு என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, இந்தக் கதவு உள்பக்கம்தானே திறக்கும், இதுல வெளிய திறந்திருக்கே. வெளிய திறந்தா படியில உக்காந்திருக்கிறவர் முட்டியில இடிக்குமே" என்றார். அப்புறம் கதவுக்குப் பின்னால் அடர்த்தியாகப் பூசியிருந்த கறுப்பை விரலால் காட்டி, "உள்ள எப்பவும் லைட்டு எரியுமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. அந்தக் கறுப்புக்குள்தான் அவர் நிற்கிற இடம் இருக்கிறது.

அன்று சாயங்காலம் காபி குடிக்கப் போனபோது முதல் வேலையாகக் கதவைப் பார்த்தேன். எத்தனை வருடமாகப் போய் வருகிறேன், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் யோசித்துத்தான் சொல்லியிருப்பேன். உள்பக்கம்தான் திறக்கிறது. மேல் கீல் தளர்ந்து கதவு ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டதால், கீழ் முனை தரையில் உரசி உரசி, சிமெண்டில் கால்வட்டமாக ஒரு கீறல் விழுந்திருக்கிறது. வெளி ஓரத்தில் மெல்லிசாக ஆரம்பித்து, சுவரை நெருங்க நெருங்க ஆழமாகிற கீறல். துடைக்கிற தண்ணீர் அதில் ஒரு நூல் மாதிரி தேங்கி நின்று காய்கிறது. தெருவின் எதிர்ப்பக்கம் நின்றால் அது தெரியாது. உள்ளே வந்து, உட்கார்ந்து, நாலு பேர் கதவைத் திறந்து மூடுவதைப் பார்த்தால்தான் தெரியும்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான்: உள்ளே வாருங்கள். கடையை வெளியிலிருந்து மட்டும் வரைந்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

அந்த இளம் ஓவியரிடம் பேசினேன். அவர் மறைக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து செல்போனில் ஒரு படம் எடுத்து, வீட்டில் வைத்து வரைந்ததாகச் சொன்னார். கடைக்குள் போனதே இல்லையாம். உங்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் மேசைக்கு வருகிற காபிக்கடைப் படங்கள் எல்லாவற்றிலும் வாசலுக்குள்ளே அதே கறுப்பு. இதற்குக் காரணம் உங்கள் கையில் இல்லை, கேமராவில் இருக்கிறது. வெளியே வெயில் அடிக்கும்போது கேமரா வெயிலுக்குத் தக்கபடி ஒளியைக் குறைத்துக்கொள்ளும், அந்த அளவில் உள்ளே எரிகிற விளக்கு அதற்கு ஒன்றுமே இல்லை, முழு அறையும் ஒரே இருட்டாகப் பதிவாகிவிடும். நம் கண் அப்படியில்லை. வாசலைத் தாண்டி இரண்டொரு நிமிடம் நின்றால் பழகிக்கொள்ளும், அலமாரி தெரியும், ஆள் தெரியும், பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் தெரியும். இன்னொன்றும் உண்டு. செல்போனின் முக்கியமான லென்ஸ் பெரும்பாலும், பழைய ஃபிலிம் கேமராவின் கணக்கில் சொன்னால், சுமார் 24லிருந்து 28 மில்லிமீட்டருக்குச் சமமான அகல லென்ஸ். கிட்டத்தில் இருப்பதை அது பெரிதாக்கும், தள்ளி இருப்பதைச் சின்னதாக்கிவிடும். தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தால், முன்னால் நிற்கிற சைக்கிள் யானை மாதிரி தெரியும், கடை தீப்பெட்டி மாதிரி ஒடுங்கிப் போகும். உள்ளே ஒரு மேசையில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கடை எவ்வளவு பெரியது என்பது வேறு விதமாகத்தான் இருக்கும்.

நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. உங்களுக்கே தெரிந்த அர்பன் ஸ்கெட்சர்ஸ் அமைப்பை கப்ரியேல் காம்பனாரியோ 2007ல் சியாட்டிலில் தொடங்கினார். அவர்களுடைய கொள்கை அறிக்கை முதலில் சொல்வதே, இடத்துக்குப் போய், கண்ணால் பார்ப்பதை நேரடியாக வரைகிறோம் என்பதுதான். வெளியிலும் சரி, உள்ளேயும் சரி என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. நாம் வெளியே வரைவதை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

வான் கோவின் காபிக்கடை ஓவியம் என்றால் உங்கள் எல்லோருக்கும் அந்த மஞ்சள் விதானமும் நீல இரவு வானமும்தான் ஞாபகம் வரும். 1888 செப்டம்பரில், பிரான்சின் ஆர்ல் ஊரில், ஃபோரம் சதுக்கத்தில் வரைந்தது. நல்ல ஓவியம்தான், அதையும் அவர் ராத்திரியில் அந்த இடத்திலேயே நின்று வரைந்தார், கறுப்பு வண்ணமே இல்லாத இரவு ஓவியம் என்று தங்கைக்கு எழுதினார். ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அதே மாதம் அவர் வரைந்த இன்னொன்றை, ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஒரு கஃபேயின் உள்பக்கத்தை. இப்போது அது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அந்தக் கடையில்தான் அவர் சில மாதங்களாக வாடகைக்குத் தங்கியிருந்தார். மூன்று ராத்திரி தூங்காமல் உட்கார்ந்து வரைந்துவிட்டுப் பகலில் தூங்கினார். சிவப்புச் சுவர், பச்சைக் கூரை, நடுவில் பில்லியர்ட்ஸ் மேசை, சுவரோரமாக மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிற ஆட்கள், பக்கத்தில் வெள்ளை உடுப்பில் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கிற முதலாளி. அந்த முதலாளியின் வெள்ளை உடுப்பு விளக்கு வெளிச்சத்தில் எலுமிச்சை மஞ்சளாகவும் வெளிறிய பச்சையாகவும் மாறுகிறது என்று தம்பி தியோவுக்கு அவர் எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், வெள்ளைத் துணி அங்கே வெள்ளையாக இல்லை என்பதைப் பார்க்க எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்! தான் வரைந்ததிலேயே மிக அசிங்கமான படங்களில் ஒன்று என்றும் அதைப் பற்றிச் சொன்னார். அந்த இடம் மனிதனைத் தன்னையே அழித்துக்கொள்ளத் தூண்டும் இடமாக அவருக்குப் பட்டது, அப்படியே வரைந்தார். பிறகு அதே வருடம் நவம்பரில், கடைக்காரரின் மனைவி மரீ ஜினூவையும் உட்காரவைத்து வரைந்தார். ஒரு கடையில் குடியிருந்தவனுக்குத்தான் இதெல்லாம் கிடைக்கும்.

மஞ்சள் விதானத்துக்கு வருகிறேன். அந்த மஞ்சள், சுவரில் அடித்த வண்ணம் இல்லை, காஸ் விளக்கின் வெளிச்சம். பின்னாளில் அந்தக் கடையைப் புதுப்பித்தபோது ஓவியத்தைப் பார்த்துச் சுவரையே மஞ்சளாக்கினார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் வரைகிற படம் வெறும் படமாக நிற்காது. கடை போன பிறகு, அல்லது மாறிய பிறகு, அது எப்படி இருந்தது என்று பார்க்க வருகிறவர்கள் உங்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள். வான் கோ குடியிருந்து வரைந்த மஞ்சள் வீடு 1944ல் குண்டு விழுந்து போய்விட்டது. அந்த ஓவியத்தின் இடது ஓரத்தில் ரோஜா நிறச் சுவரும் பச்சை ஜன்னலுமாக ஒரு கட்டடம் இருக்கிறதே, தினமும் அங்கேதான் சாப்பிடுகிறேன் என்று அவர் தம்பிக்கு எழுதினார். அந்தத் தெருமுனையை இன்றைக்கு நாம் அவர் கண்ணால்தான் பார்க்க முடிகிறது. அந்த மாதிரி ஒரு நாளில் உங்கள் படத்தில் கதவு தப்பான பக்கம் திறந்திருந்தால், அதைத் திருத்த ஆள் இருக்க மாட்டார்.

அடுத்து எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிற ஒரு விஷயம். பழைய காபிக்கடை என்றாலே ஏன் எல்லாவற்றையும் பழுப்பில் முக்கி எடுக்கிறீர்கள்? சுவரில் இல்லாத விரிசல், தரையில் இல்லாத கறை, ஜன்னலில் இல்லாத ஒட்டடை. ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த படத்தில் கண்ணாடி அலமாரி முழுக்கத் தூசி படிந்த மாதிரி ஒரு பூச்சு. அந்த அலமாரியைக் கடை திறந்ததும் முதல் ஆளாகத் துடைக்கிற அம்மாவை எனக்குத் தெரியும். ஈரத் துணி, பிறகு உலர்ந்த துணி, கடைசியில் செய்தித்தாளைக் கசக்கி ஒரு தேய்ப்பு. அந்தக் கடை பாழடைந்த இடம் என்று யார் சொன்னது? பல வருடமாக ஒவ்வொரு நாளும் துடைக்கப்பட்டதால்தானே அது இன்னும் திறந்திருக்கிறது! பழமையைக் காட்ட வேண்டுமென்றால் அந்தத் துடைப்பைக் காட்டுங்கள். பளிங்கு மேசையின் ஓரம் முழங்கை பட்டுப் பட்டு மழுங்கியிருக்கும், நடுப்பகுதி மட்டும் துணி பட்டுப் பட்டு மங்கிப்போய் ஓரத்தில் பழைய மினுமினுப்பு மிச்சமிருக்கும், நாற்காலியின் முதுகுப் பலகையில் பிடித்து இழுக்கிற இடத்தில் வார்னிஷ் போய் மரம் தெரியும். பார்த்தால் எல்லாம் தெரியும். பொதுவாகப் பழசு மாதிரி ஒரு பூச்சு பூசிவிட்டால் எந்தக் கடையும் எந்தக் கடை மாதிரியும் ஆகிவிடுகிறது.

வேலை செய்கிறவர்களை வரையுங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறேன். எடுவார் மானே 1882ல் வரைந்த ஃபோலி பெர்ஜேர் மதுக்கூட ஓவியத்தைப் பாருங்கள், லண்டனில் கோர்ட்டால்ட் கூடத்தில் இருக்கிறது. கேளிக்கை அரங்கின் கூட்டம், விளக்கு, ஆரவாரம் எல்லாவற்றையும் பின்னால் கண்ணாடிப் பிம்பமாகத் தள்ளிவிட்டு, பரிமாறுகிற பெண்ணை நடுவில் நிறுத்தியிருக்கிறார். சுசோன் என்ற அந்தப் பெண் நிஜமாகவே அங்கே வேலை பார்த்தவர், மானேயின் பட்டறைக்கு வந்து நின்றார். தன் கையெழுத்தைக்கூட மானே மேசைமேல் இருக்கிற ஒரு பாட்டிலின் லேபிளில்தான் போட்டார்.

ஆனால் ஆளை வரைவதென்றால் கேட்டுவிட்டு வரைய வேண்டும். எட்கர் டெகா 1870களில் வரைந்த காபிக்கடைப் படத்தில், மதுக் கோப்பைக்கு முன்னால் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருவரும் அவருடைய நண்பர்கள், ஒருவர் நடிகை எல்லென் ஆந்த்ரே, இன்னொருவர் ஓவியர் மார்செலான் தெபுத்தான். படம் வெளியே போனதும் இருவரையும் ஊர் குடிகாரர்களாகப் பார்க்க ஆரம்பித்தது, அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று டெகாவே சொல்ல வேண்டியதாயிற்று. 1892ல் லண்டன் ஏலத்தில் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டியபோது கூட்டம் சீறியது. அவர்களாவது சம்மதித்து உட்கார்ந்தவர்கள். நம் கடையில் மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கிறவர் எதற்காக அங்கே வந்து உட்காருகிறார் என்று நமக்குத் தெரியாது. வரைந்ததைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்த நாற்காலியைக் காலியாக விடுங்கள், தவறில்லை. வேண்டாம் என்று சொல்கிறவர்கள் குறைவுதான், பெரும்பாலானவர்கள் காபியை ஆற்றிக்கொண்டே எழுந்து வந்து எட்டிப் பார்த்து, மூக்கு சரியில்லை என்பார்கள்.

கலைஞனுக்குச் சுதந்திரம் இல்லையா என்று உங்களில் ஒருவர் என்னிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. எட்வர்ட் ஹாப்பர் 1942ல் வரைந்த அந்த ராத்திரி உணவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் வரைந்த வருடமே வாங்கிய படம். பெரிய கண்ணாடிக்குப் பின்னால் நாலு பேர், தெருவிலிருந்து உள்ளே போக ஒரு கதவுகூட அதில் தெரியாது. நியூயார்க்கில் இரண்டு தெருக்கள் சந்திக்கிற இடத்திலிருந்த ஓர் உணவகத்தைப் பார்த்துத் தோன்றியது, காட்சியை எளிமையாக்கிக் கடையைப் பெரிதாக்கினேன் என்று அவரே சொன்னார். அந்தக் கடையைத் தேடி எத்தனையோ பேர் அலைந்தார்கள், இதுதான் என்று உறுதியாக ஒன்றையும் காட்ட முடியவில்லை. கதவில்லாத கடையை ஹாப்பர் வரையலாம், அவர் அதற்கு எந்தக் கடையின் பெயரையும் சூட்டவில்லை. நீங்களும் மனதில் தோன்றிய ஒரு கடையை வரைவதானால் கதவை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், வைக்காமலும் விடுங்கள். பெயர்ப்பலகையில் எங்கள் கடைப் பெயரை எழுதிவிட்டீர்கள் என்றால் அப்புறம் அது எங்கள் கதவு.

சரி, என் தொழில் சம்பந்தமாகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

நீங்கள் ஆசைப்பட்டுப் பூசுகிற சில சிவப்புகளும் ரோஜா நிறங்களும் வெளிச்சத்தில் நிற்காது. வான் கோவின் படுக்கையறை ஓவியத்தில் சுவர் இப்போது நீலமாக இருக்கிறது, அவர் அதை வெளிர் ஊதா என்றுதான் எழுதியிருக்கிறார். ஊதாவில் கலந்திருந்த சிவப்பு காலப்போக்கில் மங்கி, நீலம் மட்டும் மிஞ்சியது. உங்கள் டியூபின் லேபிளில் நிறமியின் குறியீட்டு எண் பொடி எழுத்தில் இருக்கும், வாங்கும்போது அதைப் படியுங்கள். பி.ஆர். 83 என்று போட்டிருந்தால் அது பழைய அலிசரின் சிவப்பு, மெல்லிய பூச்சில் சீக்கிரம் போய்விடும். அதே சாயலில் நிற்கிற சிவப்புகள் இப்போது எல்லா நல்ல கம்பெனியிலும் கிடைக்கின்றன. பளீரென்ற ஒளிரும் ரோஜா நிறத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள். கடையின் பெயர்ப்பலகை சிவப்பு என்றால் அது இருபது வருடம் கழித்தும் சிவப்பாக இருக்க வேண்டாமா?

தாளைச் சாதாரண அட்டையில் ஒட்டாதீர்கள், செல்லோ டேப் கூடவே கூடாது. அமிலம் உள்ள அட்டை ஓரத்திலிருந்து தாளைப் பழுப்பாக்கும், டேப்பின் பசை மஞ்சள் பட்டையாக ஊறி முன்பக்கம் வரைக்கும் வந்துவிடும். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. நடுவில் மவுன்ட் வைப்பது அழகுக்காக என்று பலர் நினைக்கிறார்கள், காற்று இடைவெளிக்காகத்தான் அது. காபிக்கடையிலேயே மாட்டப்போகிற படம் என்றால் இது இன்னும் முக்கியம், அங்கே நாள் முழுக்க நீராவி. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட ஒரு நீர்வண்ணப் படத்தைப் பிரித்தெடுக்கச் சொல்லி ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. இரண்டு நாள் மெதுவாக முயற்சி செய்தும் ஒரு மேசையும் அதில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தில் பாதியும் கண்ணாடியோடு போய்விட்டன. அந்த வீட்டில் அவரை ஞாபகம் இருந்த கடைசி ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்பக்கத்தில் எழுதுங்கள். இதை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன். முன்பக்கம் உங்கள் கையெழுத்து போதும், பின்பக்கம் பென்சிலால், மெதுவாக, கடையின் பெயர், தேதி, மணி, எந்த மேசையில் உட்கார்ந்து வரைந்தீர்கள், படத்தில் இருக்கிறவர்கள் யார் (அவர்கள் சம்மதித்திருந்தால்), எல்லாம் எழுதுங்கள். மை வேண்டாம், ஊறும். பழைய சட்டங்களைப் பிரிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான், பத்துக்கு ஒன்பது படத்தில் ஒன்றும் இருக்காது. ஒரு தடவை ஒரு கடைவாசல் படத்தைப் பிரித்தேன், வீட்டில் யாருக்கும் அது எப்போது வரைந்தது என்று தெரியவில்லை. பின்னட்டைக்கும் படத்துக்கும் நடுவில் அந்தக் காலத்துச் சட்டக்காரர் வெறும் திணிப்புக்காக மடித்து வைத்திருந்த செய்தித்தாள்தான் ஏறக்குறைய எந்த வருடம் என்று காட்டியது. அதுவும் தாளைப் பழுப்பாக்கி நாசம் செய்திருந்தது, இருந்தாலும் அன்றைக்கு அது இருந்ததில் எனக்கு நிம்மதி. யாரோ ஒரு சட்டக்காரர் வைத்த செய்தித்தாளை நம்பி உங்கள் படம் இருக்கக் கூடாது.

முடித்த படத்தை முதலில் அந்தக் கடையிலேயே காட்டுங்கள். பிக்காசோவின் முதல் தனிக் கண்காட்சி எங்கே நடந்தது தெரியுமா? பார்சிலோனாவில், எல்ஸ் குவாத்ரே காட்ஸ் என்கிற, நான்கு பூனைகள் என்று பொருள்படும் பெயருள்ள காபிக்கடையில், 1900 பிப்ரவரியில். அப்போது அவருக்கு 18 வயது. வரைந்ததில் பெரும்பாலும் நண்பர்களின் முகங்கள், அங்கே வந்து போகிறவர்கள். சட்டம் போட வசதியில்லாமல் தாள்களை அப்படியே சுவரில் குத்தி வைத்தார். அதே கடைக்காகத்தான் ஓவியர் ரமோன் காசாஸ் 1897ல், தானும் கடையை நடத்திய பேரே ரொமேயுவும் இரட்டைச் சைக்கிள் மிதிக்கிற பெரிய ஓவியத்தை வரைந்து சுவரில் மாட்டினார். கடை 1903ல் மூடப்பட்டது. அந்த ஓவியம் இன்றைக்குக் கத்தலோனியாவின் தேசிய ஓவியக் காட்சியகத்தில் இருக்கிறது, பின்னால் மறுபடி திறந்த கடையில் அதன் நகல் தொங்குகிறது. சட்டம் போட்டுப் பிழைக்கிற நான் சொல்கிறேன், சட்டம் இல்லாவிட்டால் பரவாயில்லை. உலர்ந்ததும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லா மேசையில் வையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், விளக்கு எங்கே எரியும், எந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, எல்லாம் அங்கே இருக்கிறவர்கள் சொல்வார்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் பின்னால் மனக்கசப்பு வராமல் இருக்க வேண்டும். படத்தை விற்றாலும் அதன் பதிப்புரிமை பெரும்பாலான நாடுகளில் வரைந்தவரிடம்தான் இருக்கும், வாங்கியவருக்குத் தாள் மட்டும்தான் சொந்தம். இது உங்கள் உழைப்பைக் காப்பாற்றுகிற நல்ல சட்டம். ஆனால் கடைக்காரருக்கு இது தெரியாது. தன் கடைப் படம்தானே என்று அவர் அதை எடுத்து அட்டையிலோ கோப்பையிலோ அச்சடித்துவிடுவார், நீங்கள் கோபப்படுவீர்கள். படம் கொடுக்கும்போதே எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எதற்குப் பணம் தர வேண்டும் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு நகல் கொடுங்கள். நல்ல தாளில் ஒரு அச்சு எடுத்தால் போதும்.

அந்த இளம் ஓவியர் மறுபடி போனார். நான் போகச் சொல்லவில்லை, கதவு விஷயத்தைச் சொன்னேன், அவராகவே போனார். மூன்று நாள் காலையில் போய், தொட்டிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, இந்தத் தடவை உள்ளேயிருந்து வாசலைப் பார்த்து வரைந்தார். கதவு உள்பக்கம் திறந்திருக்கிறது. தரையில் அந்தக் கால்வட்டம் இருக்கிறது, தூரிகையின் பின்முனையால் ஈர வண்ணத்தைக் கீறி அதைக் காட்டியிருக்கிறார். வெயில் வாசலில் வெள்ளையாக எரிகிறது, எதிர்ப்பக்கத் தெரு அதில் கரைந்துபோயிருக்கிறது, உள்ளே விளக்கு மஞ்சளாக இருக்கிறது. இடது ஓரத்தில் பெரியவரின் முன்கை மட்டும், முழங்கை வரைக்கும் நனைந்து, விரல் நுனியில் நாலு கிளாஸ் ஒன்றாகக் கோத்தபடி. முகம் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டாராம், கை இருக்கட்டும் என்றாராம். பின்பக்கம் பென்சிலால் எல்லாம் எழுதியிருந்தது, பெரியவர் பெயர் உட்பட. இப்போது அது என் மேசையில்தான் இருக்கிறது, மவுன்ட் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பகுதிக் காபிக்கடைக்குள் போய் உட்கார்ந்து வரைந்து, பின்பக்கம் இதே மாதிரி எழுதிக் கொண்டுவருகிற யாராக இருந்தாலும், அமிலமில்லாத பின்னட்டையை நான் காசு வாங்காமல் போட்டுத் தருகிறேன். மிச்ச அட்டை நிறைய வெட்டி வைத்திருக்கிறேன். கடை திறந்திருக்கும்போதே போங்கள்.

அன்புடன்,
படங்களுக்குச் சட்டம் போடுகிற ஒருவன்